புட்டும் பனிச்சரிவும்: இமயமலை போகிற நம்ம ஊர்க்காரர்களுக்கு

நம் மொழியில் 'பனி' ஒரு பொதுச்சொத்து. மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கிற துளி பனி. பூப்பாறை வளைவில் ஜீப்பின் விளக்கை விழுங்குகிற மூட்டமும் பனி. ஜனவரியில் மூணாறுக்குப் பக்கத்தில் செண்டுவாரை எஸ்டேட்டில் தேயிலையைக் கருக்குவதும் பனி. இமயமலையில் இடுப்பளவு கொட்டிக் கிடப்பதும் அதே பனி. இது போதாதென்று, மலையாள நண்பரிடம் "ராத்திரி நல்ல பனி" என்று சொன்னால் மாத்திரை போட்டீங்களா என்று கேட்பார். அவர்களுக்குப் பனி என்றால் காய்ச்சல்.

இத்தனைக்கும் ஒரே சொல் இருப்பதால் ஒரு சிக்கல் வருகிறது. மூணாறில் பிறந்து வளர்ந்த நமக்குப் பனியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. போன மாதம் பக்கத்து லயத்துத் தம்பி ஒருவன் வந்தான். சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான். நாலு நண்பர்களோடு ஜனவரியில் உத்தரகாண்டில் கேதார்காந்தா ஏறப் போகிறானாம், 3,800 மீட்டர். ஜாக்கெட் வாங்குவது, ஷூ வாங்குவது எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டான்: "அண்ணே, பனிச்சரிவுன்னா நம்ம உருள்பொட்டல் மாதிரிதானே? மழை பேஞ்சா வரும். வெயில் அடிச்சா பயம் இல்ல?"

உருள்பொட்டல் என்றால் மழையில் மலை மண் பொட்டி இறங்கும் நிலச்சரிவு. தம்பி சொன்னது பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சரியான பாதியை முதலில் பார்த்துவிடலாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு இங்கே பக்கத்தில் பெட்டிமுடி எஸ்டேட்டில் உருள்பொட்டலில் 70 பேரை இழந்தோம். கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த குடும்பங்கள் அதில் பல. அதற்குப் பிறகு இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் இங்கே யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது. எல்லாருக்கும் ஒன்று புரிந்துவிட்டது: மேலே எங்கோ, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பொட்டி, ஓடை வழியாக இறங்கி, கீழே படுத்திருக்கிறவர்கள் மேல் வரும். பனிச்சரிவும் அப்படித்தான். சரிவான இடம் வேண்டும், சுமை வேண்டும், அந்தச் சுமையைப் பிடித்துவைக்க முடியாத ஓர் அடிப்பரப்பு வேண்டும்.

வித்தியாசம் இரண்டு. மண்ணை இளக்கத் தண்ணீர் வேண்டும். பனி சரிய ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். நீல வானம், பளீரென்ற வெயில், காற்றே இல்லாத காலைப்பொழுதிலும் சரியும். இரண்டாவது இன்னும் மோசம். உருள்பொட்டலை யாரும் காலால் மிதித்து வரவழைப்பதில்லை. மலையேற்றத்தில் பனிச்சரிவில் சிக்கிச் சாகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டது அவரேதான், இல்லாவிட்டால் அவர் கூட்டத்தில் வந்த இன்னொருவர்.

ஒரு மனிதனின் எடை எப்படி ஒரு மலைச்சரிவையே இறக்கும்? இதற்குப் புட்டுக்குப் போக வேண்டும்.

புட்டுக் குழலில் என்ன செய்கிறோம்? ஒரு பிடி தேங்காய்த் துருவல், மேலே மாவு, மறுபடி துருவல், மறுபடி மாவு. வெந்தபின் கம்பியால் தள்ளினால் முழுசாக வெளியே வரும். தட்டில் விழுந்ததும் எங்கே உடைகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மாவு நடுவில் உடையவே உடையாது. துருவல் போட்ட இடத்தில்தான் நறுக்கென்று, நேர்கோடாக உடையும். மாவு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிட்டது. துருவல் ஒட்டவில்லை.

மலை மேல் கிடக்கும் பனி இப்படி அடுக்கடுக்கானது. டிசம்பரில் ஒரு நாள் பெய்தது ஓர் அடுக்கு. அதன் மேல் பத்து நாள் வெயில் பட்டு உருகி உறைந்த மொறுமொறுப்பான மேல்தோல் ஓர் அடுக்கு. அப்புறம் காற்று கொண்டுவந்து குவித்தது ஒன்று. நேற்று ராத்திரி பெய்தது ஒன்று. குளிர்காலம் முழுக்க நடந்த வானிலை எல்லாம் அதில் வரிசையாகப் பதிவாகியிருக்கும். கட்டியாக ஒட்டிப்போன அடுக்கை நான் பாளம் என்கிறேன். பாளத்துக்குக் கீழே ஒட்டாத அடுக்கு ஒன்று இருந்து, இரண்டும் சரிவில் சாய்ந்து கிடந்தால், வெடிமருந்து நிரப்பிவைத்த மாதிரிதான். நீங்கள் நடக்கும்போது உங்கள் எடை பாளத்தின் வழியே இறங்கி அந்தத் தேங்காய்த் துருவல் அடுக்கை ஓரிடத்தில் நொறுக்குகிறது. நொறுங்கல் பக்கவாட்டில் நொடியில் பரவுகிறது. மேலே ஒரு விரிசல் ஓடி, பாளம் முழுசாகக் கழன்றுகொள்கிறது. நீங்கள் அதன் ஓரத்தில் இல்லை, நடுவில் நிற்கிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், அரை மீட்டர் கனம். மலையில் இது சின்னப் பாளம். 1,250 கன மீட்டர். கன மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்தால் 250 டன். பத்து டன் லாரியில் 25 லோடு. சில நொடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம் பிடிக்கும்.

பாளமாக இல்லாமல், உதிரியாகவும் பனி சரியும். ஒரு புள்ளியில் தொடங்கி, கவிழ்த்த புனல் மாதிரி விரிந்துகொண்டே இறங்கும். பெரும்பாலும் அது சின்னது. ஆனால் பாறை விளிம்புக்கு மேலே நிற்கிறவரைத் தள்ளிவிட அது போதும். உயிர்களை அதிகம் எடுப்பது பாளச் சரிவுதான், அதனால் அதையே பேசுகிறேன்.

செண்டுவாரையில் பார்த்தது, மணாலிக்கு மேலே பார்த்தது

சரி, அந்த ஒட்டாத அடுக்கு எங்கிருந்து வருகிறது? மூணாறுக்காரர்கள் இதை எல்லாரையும்விடச் சீக்கிரம் புரிந்துகொள்ளலாம். நாம் அதைப் பார்த்திருக்கிறோம்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஜனவரி வந்தால் அம்மா விடிவதற்கு முன் எழுந்து வாசலுக்கு வந்து முதலில் வானத்தைப் பார்ப்பார். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் முகம் வாடிவிடும். மேகம் இல்லை, காற்று இல்லை என்றால் அன்று தேயிலை கருகும். கொழுந்து கருகினால் கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கிற காசு போச்சு. நாங்கள் பிள்ளைகள் மட்டும் சந்தோஷமாகச் சதுப்புப் பக்கம் ஓடுவோம். புல், இலை, வேலிக் கம்பி எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக, இறகு இறகாகப் பூத்திருக்கும். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வோர் இறகிலும் வரிவரியாகக் கோடு. ஊதினால் பறக்கும். விரல் வைத்தால் நிற்காது, சாய்ந்துவிடும்.

மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் போர்வை மாதிரி அதைத் திருப்பித் தரும். இல்லாவிட்டால் போனது போனதுதான். காற்றைவிடத் தரையும் இலையும் அதிகம் குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் தண்ணீராகாமல் நேரே பனிப்படிகமாக இலைமேல் படிகிறது. தேயிலை நாற்றுக்குக் காய்ந்த பெரணியைப் போர்த்துவது இதற்காகத்தான். சோலைக்காட்டு மர நிழலில் உறைபனி பூக்காததும் இதனால்தான்.

இதே விஷயம் இமயமலையில் பனிப்பரப்பின் மேலேயே நடக்கும். பெய்து கிடக்கும் வெண்பனியின் மேல், தெளிவான இரவில், அதே இறகுப் படிகங்கள் பூக்கும். காலையில் வெயிலில் அது மின்னுவதைப் பார்த்தால் யாருக்கும் படம் எடுக்கத் தோன்றும். அது மேலேயே இருக்கும்வரை யாருக்கும் கெடுதல் இல்லை. வெயிலோ காற்றோ அதை அழித்துவிட்டால் கதை முடிந்தது. அழியாமல் இருக்கும்போது அதன் மேல் அடுத்த பனி பெய்துவிட்டால்தான் வினை. இறகுகள் அப்படியே நின்ற நிலையில் புதைந்துபோகும். மேலே அரை மீட்டர் பாளம், கீழே கெட்டியான பழைய பனி, நடுவில் விரல் வைத்தால் சாயும் இறகு வரிசை. புட்டில் தேங்காய்த் துருவல். வாரக்கணக்கில் அது அப்படியே காத்திருக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எனக்கு இதை நம்பவைத்தது மணாலிக்கு மேலே ஒரு சரிவு. என்னோடு வந்த வழிகாட்டி அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். பாதையில் போய்க்கொண்டிருந்தவர் நின்று, சவல் என்கிற பனி அள்ளும் மண்வாரியை எடுத்து, குழி வெட்டத் தொடங்கினார். ஒன்றரை மீட்டர் ஆழம். குழியின் மலைப்பக்கச் சுவரைச் செதுக்கி வழுவழுப்பாக்கினார். அடுக்குகள் கோடு கோடாகத் தெரிந்தன. மேலிருந்து கீழே விரலால் குத்திக்கொண்டே வந்தார். முதலில் முஷ்டியே உள்ளே போனது. அப்புறம் நாலு விரல். அப்புறம் ஒரு விரல்தான் போனது. ஓரிடத்தில் விரல் சட்டென்று உள்ளே போய்விட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு தூணைச் சுற்றிலும் அறுத்துத் தனியாக நிற்கவைத்தார். அதன் தலைமேல் சவலை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு. ஒன்றும் ஆகவில்லை. அடுத்து முழங்கையிலிருந்து. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது தட்டில் தூணின் மேல்பாதி மேசை இழுப்பறை மாதிரி வழுக்கி வெளியே வந்து என் மடியில் விழுந்தது. அந்தப் பத்துக்குப் பிறகு தோளிலிருந்து இன்னொரு பத்து உண்டு. அதையும் தாங்கினால்தான் ஓரளவு உறுதி என்பார்கள். இது 13-லேயே போய்விட்டது.

உடைந்த இடத்திலிருந்து கொஞ்சம் பனியை ஒரு கறுப்புத் தகட்டில் தட்டி, லென்ஸை என்னிடம் கொடுத்தார். வரிக்கோடு போட்ட இறகுகள். செண்டுவாரைச் சதுப்பில் நாங்கள் ஊதிப் பறக்கவிட்ட அதே இறகு. அன்று அந்தச் சரிவில் நாங்கள் ஏறவில்லை. சுற்றிக்கொண்டு காட்டு வழியாகப் போனதில் மூன்று மணி நேரம் கூடுதல்.

இன்னொரு வகை ஒட்டாத அடுக்கு தரைக்கு அருகே உண்டாகும். இது நம் எண்ணத்துக்கு நேர் எதிர், அதனால் கவனியுங்கள். பனிக்குக் கீழே தரையின் வெப்பம் கிட்டத்தட்ட 0 டிகிரியிலேயே இருக்கும். மேலே காற்று மைனஸ் 15 என்று வைப்போம். பனி இரண்டு மீட்டர் கனம் இருந்தால் அந்த 15 டிகிரி வித்தியாசம் நிதானமாகப் பரவும். 10 சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிக்கும் குறைவு. பனி அரை மீட்டர்தான் என்றால் 10 சென்டிமீட்டருக்கு 3 டிகிரி. ஒரு டிகிரியைத் தாண்டினாலே கீழிருக்கும் ஈரம் ஆவியாகி மேலேறி, படிகங்கள் உருமாறி, பெரிய பெரிய மணியாகிவிடும். கையில் அள்ளினால் சீனி மாதிரி கொட்டும், உருண்டை பிடிக்க வராது. ஆகவே "இந்த வருஷம் பனி கம்மிதான், பயம் இல்லை" என்பது தப்பு. கம்மியாகப் பெய்து, நன்றாகக் குளிர்ந்து, அப்புறம் ஒரே நாளில் பெருமழையாகப் பனி கொட்டும் வருஷம்தான் மோசமான வருஷம்.

மாடிப்படியும் மழை மறைவும்

எவ்வளவு சரிவு ஆபத்து என்று கேட்பீர்கள். பாளச் சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வில் நடக்கின்றன. 38 டிகிரிக்குப் பக்கத்தில் மிக அதிகம். எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது. உங்கள் வீட்டு மாடிப்படியைப் பாருங்கள். படி 10 அங்குல அகலம், 6 அங்குல உயரம் என்றால் சாய்வு 31 டிகிரி. உயரம் 7 அங்குலம் என்றால் 35. அவ்வளவுதான். மாடிப்படி அளவு சாய்ந்த பனிப்பரப்புதான் பிரச்சினை. செங்குத்துச் சுவரில் பனி நிற்காது, பெய்யப் பெய்ய உதிர்ந்துவிடும். 25 டிகிரிக்குக் கீழே கழல்வது அபூர்வம். ஏறுவதற்கு வசதியாக, கொஞ்சம் சாகசமாக, படத்தில் அழகாகத் தெரியும் சாய்வுதான் கொல்லும் சாய்வு. கைபேசியில் சாய்வு காட்டும் செயலி இருக்கிறது. கைத்தடியைச் சரிவில் படுக்கவைத்து அதன் மேல் கைபேசியை வைத்தால் போதும்.

ஆனால் நீங்கள் நிற்கும் இடம் சமதளம் என்பதால் தப்பித்தீர்கள் என்று பொருள் இல்லை. பெட்டிமுடியில் லயங்கள் இருந்ததும் கீழேதான். உங்கள் தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்பதுதான் கேள்வி. ஓடைப் பள்ளத்தில், குறுகலான மடிப்பில் நிற்கவே கூடாது. சின்னச் சரிவு வந்தாலும் அங்கே பனி ஆழமாகக் குவிந்து மூடிவிடும்.

அடுத்தது காற்று. போடியிலிருந்து மெட்டு ஏறிப் போகிறவர்களுக்குத் தெரியும்: தென்மேற்குப் பருவக்காற்று மோதும் கேரளப் பக்கம் பச்சையாக நனைந்து கிடக்கும், உச்சியைத் தாண்டினால் போடிப் பக்கம் காய்ந்திருக்கும். மழை மறைவு. பனி விஷயத்தில் இதைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். பெய்து கிடக்கும் பனியைக் காற்று மோதும் பக்கத்திலிருந்து வாரிக்கொண்டு முகட்டைத் தாண்டி, மறைவுப் பக்கத்தில் கொட்டும். வானத்திலிருந்து பெய்வதைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூடக் காற்றால் பனியைக் குவிக்க முடியும். வானத்தில் ஒரு துளிப் பனியும் பெய்யாத நாளில், முகட்டிலிருந்து வெள்ளைக் கொடி மாதிரி பனி பறப்பதைப் பார்த்தால், அந்தக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கச் சரிவில் பாளம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முகட்டின் விளிம்பில் கூரை இறவாரம் மாதிரிப் பனி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேலும் நிற்காதீர்கள், கீழும் நிற்காதீர்கள். கீழே பாறை இருப்பதாக நினைத்துக் காலை வைத்தால் வெறும் காற்று.

வெயில் வேறு மாதிரி வேலை செய்யும். டிசம்பர் கடைசியில் மூணாறில் நண்பகல் சூரியன் 56 டிகிரி உயரத்தில் இருக்கும். இமாச்சலத்தில், உத்தரகாண்டில் அதே நாளில் 35 டிகிரிதான். அதனால் அங்கே வடக்குப் பார்த்த செங்குத்தான சரிவில் நண்பகலிலும் வெயில் விழாது. குளிர்ந்து கிடக்கும் அந்தச் சரிவுகளில் இறகும் சீனியும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். தெற்குப் பார்த்த சரிவில் நேர்மாறு. பிப்ரவரி, மார்ச் பிற்பகலில் வெயில் ஏறி, பனி ஈரம் கோத்து, கஞ்சி மாதிரி மெதுவாக, கனமாகச் சரியும். அனுபவமுள்ளவர்கள் அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பி, பத்து மணிக்குள் இறங்கிவிடுவது இதனால்தான். நள்ளிரவில் எழுப்புகிறானே என்று வழிகாட்டியைத் திட்டாதீர்கள்.

பெரிய பனிப்பொழிவோ மழையோ வந்தபின் முதல் 24 மணி நேரம் மிக மோசம். இமயமலைக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகரும் 'மேற்கத்திய இடையூறுகள்' என்ற வானிலை அமைப்புகள். அதனால் நம்ம ஊர்க்காரர்கள் வங்கக்கடலை மறந்துவிடுகிறார்கள். 2014 அக்டோபர் 12 அன்று ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. ஆந்திரா பக்கம் உறவினர் இருக்கும் எல்லாரும் அன்று போன் போட்டு விசாரித்திருப்போம். புயல் அங்கே ஓயவில்லை. மிச்ச ஈரத்தோடு வடக்கே போய், இரண்டே நாளில் நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்றுப் பாதையில் பனியாகக் கொட்டியது. பனிப்புயலிலும் பனிச்சரிவிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது அங்கே வானம் தெளிவாக இருக்கும் மலையேற்றப் பருவம். அக்டோபர், நவம்பரில் போகிறீர்களா, சென்னை வானிலைச் செய்தியையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மலை சில நேரம் முன்கூட்டியே பேசும். காலடியில் 'வூம்ப்' என்று ஒரு சத்தம், பெரிய மூட்டை விழுந்த மாதிரி. கூடவே பரப்பு ஓர் அங்குலம் அமுங்கும். பலர் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அது உங்கள் காலுக்குக் கீழே அந்த அடுக்கு நொறுங்கிய சத்தம். சாய்வு போதாததால் நீங்கள் பிழைத்தீர்கள். காலடியிலிருந்து பரப்பில் விரிசல் ஓடுவது இன்னோர் அறிகுறி. எதிர்ச் சரிவில் நேற்று விழுந்த புதிய சரிவின் தடம் எல்லாவற்றையும்விடத் தெளிவான அறிகுறி, ஆனால் மனிதர்கள் அதைக் காட்சியாகத்தான் பார்க்கிறார்கள்.

என் முதல் குளிர்காலப் பயணத்தில் இந்தச் சத்தம் கேட்டது. ஒரு நிறுவனம் மூலம் போயிருந்தோம். பேரைச் சொல்ல மாட்டேன். பிற்பகல் இரண்டு மணிக்கு, பதினெட்டுப் பேர் வரிசையாக ஒருவர் முதுகை ஒருவர் தொட்டுக்கொண்டு, படம் எடுத்தபடி ஒரு சரிவைக் குறுக்கே கடந்தோம். 'வூம்ப்'. எல்லாரும் "ஓ" என்று கத்தினார்கள். கூட்டிப் போனவர் ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எல்லாரும் உற்சாகமாக இறங்கினோம். அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரிந்தது இரண்டு வருஷம் கழித்து, அந்தக் குழியருகே உட்கார்ந்திருந்தபோது.

அந்தப் பதினெட்டுப் பேரும் செய்திருக்க வேண்டியது எளிது. அந்த நேரத்தில் அந்தச் சரிவுக்கே போயிருக்கக் கூடாது. போயே ஆக வேண்டுமானால், ஒருவர் கடந்து முடித்துப் பாதுகாப்பான இடத்தில் நிற்கும்வரை மற்றவர்கள் ஓரத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் புதைந்தால் தோண்ட ஆள் மிச்சம் இருக்க வேண்டுமே.

பத்து நிமிடம்

புதைந்தவரை பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். குளிர் அல்ல காரணம், மூச்சு. ஓடி வரும்போது தூள் மாதிரி இருக்கிற பனி, நின்ற கணத்தில் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. கையால் தோண்டவும் முடியாது. பத்து நிமிடத்தில் எந்த ஹெலிகாப்டரும் வராது, எந்தப் படையும் வராது. பக்கத்தில் நிற்கிற நண்பன்தான் மீட்புப் படை.

அதற்கு மூன்று பொருள் வேண்டும், மூன்றும் ஒவ்வொருவரிடமும். ஒன்று, டிரான்சீவர்: நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி, 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை விட்டுக்கொண்டே இருக்கும், மற்றவர்கள் தங்கள் பெட்டியைத் தேடும் நிலைக்கு மாற்றினால் தூரமும் திசையும் காட்டும். இரண்டு, மடித்து வைக்கிற நீளக் கம்பி. குத்திப் பார்த்து ஆள் எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று கண்டுபிடிக்க. மூன்று, உலோகச் சவல். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். வைத்திருந்தால் மட்டும் போதாது, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவு பழகியிருக்க வேண்டும். சிக்கிக்கொண்டால் கத்துங்கள், பாளத்தின் ஓரத்துக்குப் போகப் பாருங்கள், வேகம் குறைகிறது என்று தோன்றும்போது கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு ஓர் இடம் ஏற்படுத்துங்கள்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் சோனம் காவல்நிலை மேல் பனி இடிந்து விழுந்து 10 வீரர்கள் புதைந்தார்கள். பெரும்பாலானவர்கள் மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர்கள். தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா, ஆந்திரா, மகாராஷ்டிரா என ஐந்து மாநிலங்களிலும் வீடுகள் இருண்டன, தேனி மாவட்டத்திலும் ஒரு வீடு. ஆறு நாளைக்குப் பிறகு லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டார். 11-ஆம் தேதி அவரும் போய்விட்டார். அந்த ஆறு நாளைச் சொல்லி "பனிக்குள்ள நாள்கணக்கா இருக்கலாம்" என்று பேசுகிறவர்களை இங்கேயே டீக்கடையில் கேட்டிருக்கிறேன். அவர் கூடாரத்துக்குள் இருந்தார். வெறும் ஜாக்கெட்டோடு புதைகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பயிற்சி இருந்தால் மலை விட்டுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டில் திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கி இறந்தோ காணாமலோ போன 29 பேர் உத்தரகாசியின் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் பயிற்சியாளர்களும் பயிற்சி பெறுகிறவர்களும்.

நம் நாட்டில் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுவது டிஆர்டிஓ என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் சண்டிகரில் இருக்கும் டிஜிஆர்ஈ என்ற ஆய்வகம். முன்பு மணாலியில் சாசே என்ற பேரில் இருந்த அமைப்பு இதனோடு சேர்ந்துவிட்டது. உலகெங்கும் ஆபத்தை ஐந்து படியாகச் சொல்வது வழக்கம். ஐந்து என்றால் யாரும் வெளியே போக மாட்டார்கள். ஆல்ப்ஸ் மலை நாடுகளில் அதிகம் பேர் சாவது மூன்றாம் படியில். 'மூணுதானே' என்று கிளம்பிவிடுவதுதான் காரணம்.

தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: உன் பாதையில் பெரும்பகுதி காட்டு வழி, ஆபத்து குறைவு, ஆனாலும் கூட்டிப் போகிறவரிடம் மூன்று கேள்வி கேள். முந்தின வாரம் எவ்வளவு பனி பெய்தது? பாதைக்கு மேலே மாடிப்படிச் சாய்வு எங்கெங்கே இருக்கிறது? நிலைமை சரியில்லை என்றால் எந்த இடத்தில் திரும்புவோம்? மூன்றாவது கேள்விக்கு "திரும்புறதா? நம்ம ஆளுங்க இதுவரைக்கும் திரும்புனதே இல்ல சார்" என்று பதில் வந்தால் முன்பணத்தைத் திரும்பக் கேட்டுவிடு.

கேட்டானா என்று தெரியவில்லை. ஆனால் நேற்றுக் காலை ஆறரைக்குக் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. செண்டுவாரை. தேயிலை இலை ஒன்று, கிட்டத்தில் எடுத்தது, அதன் விளிம்பு முழுக்க வரிக்கோடு போட்ட இறகுகள். கீழே, "இதுவா அண்ணே?"

"அதுதான். ஊதிப் பாரு" என்று பதில் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தது: "வெயில் வந்துருச்சுண்ணே. தண்ணியாயிருச்சு. இலை கருக ஆரம்பிச்சிருச்சு."